கணவாய்க் கதவைச் சாத்திய அரசன்

மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாடுகள் இருந்தன. கடலோரமாக இருந்தது பெருவயல் நாடு. மலைமேல் இருந்தது தேன்வரை நாடு. கேட்கிறவர்களே, இந்த இரண்டு பெயர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கதையே சொல்லும்.

பெருவயலில் நெல் விளைந்தது. ஊருக்கு ஊர் தறி ஓடியது. உப்பளங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளுத்துக் கிடந்தன. அந்த நாட்டை ஆண்டவன் கோதண்டன் என்னும் அரசன். அவன் கெட்டவன் அல்லன். நினைத்ததை முடிக்கிறவன். முடித்த பிறகே மற்றவர்களை நினைக்கிறவன்.

தேன்வரையில் மிளகு விளைந்தது. பாறை இடுக்கெல்லாம் தேன் இருந்தது. ஒரு குன்று முழுக்க இரும்புக் கல்லாகவே இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் கூடக் கிடையாது. அந்த நாட்டை ஆண்டவள் பூவணநாச்சி என்னும் அரசி. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டால் பேசியதிலிருந்து விலகமாட்டாள்.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் செங்குத்தான மலைமுகடு ஒன்று நின்றது. முகட்டின் மேல் ஓர் ஒற்றையடிப் பாதை. உப்பு வேண்டுமென்றால் மலைநாட்டு இளைஞர்கள் அந்தப் பாதையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முதுகில் உப்பைச் சுமந்துகொண்டு திரும்ப வேண்டும். போனவர்கள் எல்லோரும் திரும்பியதில்லை. திரும்பாதவனுக்காக, அவன் விழுந்த இடத்தில் கற்களைக் குவித்து வைப்பார்கள். வருஷத்துக்கு வருஷம் குவியல்கள் கூடிக்கொண்டே போயின.

ஒருநாள் பெருவயல் நாட்டு அமைச்சர் விடங்கர் பூவணநாச்சியைத் தேடி வந்தார். அரண்மனை முற்றத்தில் பட்டும் உப்பும் அரிசியும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"அரசியாரே, எங்கள் அரசர் ஒரு பெருவழி அமைக்க நினைக்கிறார். கடற்கரையில் தொடங்கி, மலை பிளந்து பாறை அடைத்துக் கிடக்கும் கணவாய் வழியாக உங்கள் ஊர் வரைக்கும் வண்டி போகும் வழி. வழியெல்லாம் சத்திரம், கிணறு, நிழல்மரம். கணவாயில் ஒரு பெரிய சந்தை. உங்கள் மிளகு கீழே வரும். எங்கள் உப்பு மேலே வரும். இரண்டு நாடும் சேர்ந்து வளரும்."

அரசி கேட்டாள்: "வழி யாருடையது?"

"இருவருடையதும்."

"சந்தை யாருடையது?"

"இருவருடையதும்."

"கணவாயில் கதவு வைப்பீர்களே, அது யாருடையது?"

"செலவு எங்களுடையது, அரசியாரே. கள்வர் வந்தால் தடுக்கும் பொறுப்பு ஒரு கையில் இருப்பதுதான் நல்லது. கதவு எங்களிடம் இருக்கட்டும்" என்றார் விடங்கர். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அரசியின் தம்பி கடம்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கோபக்காரன், ஆனால் அக்காமேல் உயிரை வைத்திருந்தவன். "அக்கா, நம் வீட்டுத் தாழ்ப்பாளை அடுத்த வீட்டுக்காரன் பக்கம் மாட்டுவதா?" என்றான்.

"போன மழைக்காலத்தில் உப்புக்குப் போன உன் தோழர்கள் எங்கே, கடம்பா?" என்று கேட்டாள் அவள்.

கடம்பன் தலை குனிந்தான். அவனே தன் கையால் கல் குவித்தவன்.

"வழி வரட்டும்" என்றாள் அரசி.

வழி வந்தது. பெருவயல் கொத்தர்கள் பாறையை உடைத்தார்கள். தேன்வரை மக்கள் கல் சுமந்தார்கள், மண் கொட்டினார்கள், வேலை செய்தவர்களுக்குத் தேனும் கிழங்கும் கொடுத்தார்கள். கணவாயின் குறுகலான இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தேக்கு மரக் கதவு ஒன்று எழுந்தது. அதன் தாழ் பெருவயல் பக்கம் இருந்தது.

அதன் பிறகு வந்தது நல்ல காலம்தான், பொய் சொல்லக்கூடாது. மாட்டு வண்டிகள் மணி குலுங்க மலை ஏறின. உப்பு ஏறியது, அரிசி ஏறியது, துணி ஏறியது. மிளகும் தேனும் இரும்பும் இறங்கின. யாரும் ஒற்றையடிப் பாதையில் போகவில்லை. அதில் புதர் மண்டியது. ஆதப்பன் என்ற உப்பு வணிகன் தன் மகள் சிவந்தியை மலைநாட்டு வாலிபன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவளைப்போல் பல பெண்கள் மேலே வாழ்க்கைப்பட்டார்கள், பல பெண்கள் கீழே வாழ்க்கைப்பட்டார்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்துகொண்டே கற்றுக்கொண்டார்கள்.

அரிசிதான் வண்டியில் வருகிறதே என்று மலைநாட்டார் தினை விதைப்பதை விட்டார்கள். தினைக்கொல்லையெல்லாம் மிளகுக்கொடி படர்ந்தது.

அப்போதுதான் கோதண்டனுக்கு ஓர் ஆசை வந்தது. கடல் கடந்து வணிகம் செய்யப் பெரிய பெரிய கப்பல்கள் கட்ட வேண்டும். கப்பலுக்கு ஆணி வேண்டும், நங்கூரம் வேண்டும், சங்கிலி வேண்டும். வாங்கும் இரும்பு போதாது, இரும்புக் குன்றே தன்னுடையதாக வேண்டும் என்று நினைத்தான்.

முதல் தடவை, விலை சொல்லி ஆள் அனுப்பினான். "இரும்பு விற்கிறோம், குன்றை விற்பதில்லை" என்றாள் அரசி.

இரண்டாம் தடவை, உறவு சொல்லி ஆள் அனுப்பினான். "அந்தக் குன்றின் அடியில்தான் எங்கள் சுனைகள் பிறக்கின்றன. குன்றைக் குடைந்தால் சுனை சாகும். எவ்வளவு இரும்பு எடுக்கலாம் என்று சுனையைப் பார்த்துத்தான் எடுக்கிறோம்" என்றாள்.

மூன்றாம் தடவை அவன் ஆள் அனுப்பவில்லை. கதவைச் சாத்தினான்.

விடங்கர் ஓடி வந்தார். "அரசே, கள்வருக்காகக் கேட்டு வாங்கிய கதவு அது!"

"என் கதவு. நான் யாருக்கு வேண்டுமானாலும் சாத்துவேன்" என்றான் கோதண்டன். "கொஞ்ச நாள் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்க்கட்டும். குன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள்."

மலைமேல் என்ன நடந்தது தெரியுமா? முதலில் அரிசி தீர்ந்தது. பிறகு உப்பு தீர்ந்தது. மாடுகள் பாறையை நக்கின. பிள்ளை பெற்ற பெண்கள் சோர்ந்து படுத்தார்கள். மிளகு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மிளகைத் தின்று யார் பசியாறுவது? மக்கள் மிளகுக்கொடியை அறுத்துவிட்டு மறுபடியும் தினை விதைத்தார்கள். தினை விளைய நாளாகும். அதுவரை காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். பழைய ஒற்றையடிப் பாதையில் சில இளைஞர்கள் ஏறினார்கள். பாதை பாதியில் சரிந்து கிடந்தது. தட்டுத்தடுமாறி அவர்கள் கொண்டுவந்த உப்பு ஒரு தெருவுக்குக் கூடப் போதவில்லை. ஒருவன் திரும்பி வரவேயில்லை.

கதவின் கீழ்ப்பக்கமும் நன்றாக இல்லை. ஆதப்பனும் மற்ற வணிகர்களும் உப்பு வண்டிகளோடு கதவின் முன் காத்துக் கிடந்தார்கள். திரும்பிப் போக மனமில்லை. மழை பிடித்தது. வண்டியிலிருந்து உப்பு கரைந்து, வெள்ளை நீராகப் பாதையில் ஓடியது. ஆனால் அரசனின் காதுக்கு அது எட்டவில்லை.

அவன் காதுக்கு எட்டியது வேறொரு செய்தி. பூவணநாச்சி கதவிடுக்கு வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அரசர் ஒருமுறை நேரில் வந்து குன்றைப் பார்க்கட்டும். என் பதிலை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். என் விருந்தாளியாக வரலாம், என் சொல்லே காவல்."

பணிந்துவிட்டாள் என்று கோதண்டன் மகிழ்ந்தான். கணவாய்க்கு வந்தான். கதவைத் திறந்தால் மலைமக்கள் உப்புக்காக முண்டியடித்து வெளியே பாய்வார்களோ என்று ஒரு பயம். அதனால் காவல்தலைவனை அழைத்துச் சொன்னான்:

"நான் உள்ளே போனதும் சாத்திவிடு. குன்றைக் கொடுத்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக அரசியின் முத்திரை மோதிரம் உன் கைக்கு வரும் வரை திறக்காதே. யார் கேட்டாலும் திறக்காதே. அவர்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டலாம். ஆகையால் என் குரலே கேட்டாலும் திறக்காதே."

"உத்தரவு" என்றான் காவல்தலைவன். கதவு திறந்தது. அரசன் சில மெய்க்காவலரோடு உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள்.

பூவணநாச்சி எதிர்கொண்டு வந்து வணங்கினாள். தன் வீட்டிலேயே அவனுக்கு இடம் கொடுத்தாள். காலையில் கிழங்கு வைத்தாள். உப்பில்லை. நடுப்பகலில் கீரை வைத்தாள். உப்பில்லை. மாலையில் தினைக்கஞ்சி வைத்தாள். அதிலும் உப்பில்லை.

"விருந்தாளிக்கு வைக்கிற சாப்பாடா இது?" என்று கேட்டான் கோதண்டன்.

"வீட்டில் இருப்பது இதுதான், அரசே. எங்களுக்குக் கஞ்சி கிடையாது, விதைத்தது போக மிஞ்சிய தினையை உங்களுக்காக எடுத்தது" என்றாள்.

அவன் கஞ்சியைக் குடித்து முடித்தான்.

மறுநாள் குன்றைப் பார்க்கக் கூட்டிப்போனாள். வழியில் ஒரு குடிசை வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். உப்பு வணிகன் மகள் சிவந்தி அவள். அரசனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மகாராசா, நான் நம்ம பெருவயல்காரி. உப்பளத்துத் தெரு ஆதப்பன் மகள். எங்க அப்பா நல்லா இருக்காரா? காத்து இந்தப் பக்கம் அடிக்கிறப்ப அவரு மாட்டு மணிச் சத்தம் கேக்குது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாரு போல. பேரனை இன்னும் பாக்கலை. மழையில நனையாம இருக்கச் சொல்லுங்க, அவருக்கு மூச்சு இழுக்கும்."

உப்பு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தன் நாட்டு அரசனைக் குறைசொல்லவும் இல்லை. குழந்தையின் கை குச்சிபோல் இருந்ததை அரசன் பார்த்தான். அரசிக்குப் பின்னால் நடந்தான்.

குன்றடிக்கு வந்ததும் அரசி சொன்னாள்: "இதுதான் குன்று. இதோ சுனைகள். எத்தனை நாள் கதவைச் சாத்தினாலும் குன்றைத் தரமாட்டேன். இதை நேரில் சொல்லத்தான் அழைத்தேன்."

கோதண்டனுக்கு முகம் சிவந்தது. "அப்படியானால் எனக்கு இங்கே வேலையில்லை" என்று திரும்பிக் கணவாய்க்கு நடந்தான். கதவைத் தட்டினான்.

"திற! நான்தான் அரசன்!"

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "மோதிரம் வந்ததா, அரசே?"

"இல்லை. திற!"

"மன்னிக்க வேண்டும். உங்கள் குரல் கேட்டாலும் திறக்கக்கூடாது என்பது உங்கள் உத்தரவு. உங்கள் கழுத்தில் யாராவது கத்தி வைத்திருக்கலாம்."

"யாரும் வைக்கவில்லையடா!"

"கத்தி வைத்திருந்தாலும் அப்படித்தானே சொல்வீர்கள், அரசே?"

அரசன் திட்டினான். கெஞ்சினான். கதவை உதைத்தான். காவல்தலைவன் உத்தரவு மீறாதவன் என்பதற்காகவே அவனை அந்த வேலையில் வைத்தவன் கோதண்டன்தான். அமைச்சரைக் கூப்பிட்டான். அமைச்சர் வந்து சொல்லியும் பயனில்லை. அரசன் உத்தரவை அமைச்சர் மாற்ற முடியுமா?

இப்படி, தான் சாத்திய கதவுக்குத் தப்பான பக்கத்தில் நின்றான் பெருவயல் நாட்டு அரசன்.

மலைமக்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் கண்ணில் பசி இருந்தது, கோபமும் இருந்தது. மெய்க்காவலர் வாளில் கை வைத்தார்கள்.

"அக்கா, தெய்வமே இவனை நம் கையில் கொடுத்திருக்கிறது!" என்றான் கடம்பன். "கட்டி வைப்போம். உப்பு கேட்போம். கதவையே கேட்போம். அரசனுக்காக அவர்கள் எதையும் கொடுப்பார்கள்."

"ஆமாம், கட்டுங்கள்!" என்றது கூட்டம். மகனை முகட்டில் பறிகொடுத்த தாய் ஒருத்தி முன்னால் வந்தாள். "என் பிள்ளை உப்புக்குப் போய்ச் செத்தான், தாயே. இவரை விட்டால் நான் யாரிடம் நியாயம் கேட்பேன்?"

பூவணநாச்சி அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளமும் கட்டச் சொல்லித்தான் அடித்துக்கொண்டது.

பிறகு சொன்னாள்: "இவரைக் கட்டினால் கதவு திறக்கும், உண்மைதான். அவிழ்த்துவிட்ட மறுநாள் மறுபடியும் சாத்துவார். அப்புறம் வேறு யாரைக் கட்டுவோம்? அவர்கள் நம்மில் யாரைக் கட்டுவார்கள்? கீழே நம் பெண்கள் இருக்கிறார்கள், மேலே அவர்கள் பெண்கள் இருக்கிறார்கள். பயந்து திறந்த கதவுக்குப் பக்கத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இவர் என் சொல்லை நம்பி வந்தவர். நான் வீடு சேர்ப்பேன்."

கூட்டம் முணுமுணுத்தது. ஆனாலும் வழிவிட்டது.

கதவு இல்லாத வழி ஒன்றே ஒன்றுதான்: பழைய முகட்டுப் பாதை. அரசியே முன்னால் நடந்தாள். கடம்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் நடந்தான். நடுவில் கோதண்டனும் அவன் மெய்க்காவலரும்.

ஏற ஏறக் கற்குவியல்கள் வந்தன. ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று.

"இவை என்ன?" என்று கேட்டான் அரசன்.

"உப்புக்குப் போனவர்கள்" என்றாள் அரசி. "உங்கள் வழி வந்த பிறகு குவியல் கூடவில்லை. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. இதோ இந்த ஒன்றுதான் புதிது."

அரசன் அந்தப் புதுக் குவியலின் முன் நின்றான். மழைத்தூறல் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அவன் குடித்த கஞ்சியின் சுவை அவன் நாக்கில் இன்னும் இருந்தது.

சரிவான இடத்தில் அவன் கால் வழுக்கியது. உடம்பு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. கடம்பனின் கை.

"என்னைக் கட்ட வேண்டும் என்று சொன்னவன் நீ" என்றான் அரசன், மூச்சு வாங்க.

"கட்டத்தான் சொன்னேன். விழச் சொல்லவில்லையே" என்றான் கடம்பன்.

முகட்டின் உச்சிக்கு வந்ததும் அரசி நின்றாள். கீழே பெருவயலின் பச்சையும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. "இங்கிருந்து உங்கள் நாடு" என்றாள்.

"என்னிடம் எதுவும் கேட்கவில்லையே?" என்றான் கோதண்டன்.

"இங்கே கேட்டால் அது பறிப்பது. உங்கள் மண்ணில் நின்று நீங்கள் கேளுங்கள், என்ன வேண்டுமென்று. அப்போது சொல்கிறேன்."

கோதண்டன் இறங்கினான். கிழிந்த உடையோடு, சேறு பூசிய காலோடு, கதவின் கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். காவல்தலைவன் பேயைக் கண்டவன்போல் எழுந்தான். அரசன் அவனைக் கோபிக்கவில்லை. வண்டியடியில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்த ஆதப்பனிடம் போய், "உன் பேரன் காத்துக்கொண்டிருக்கிறான். முதல் வண்டி உன்னுடையது" என்றான். கதவு திறந்தது. உப்பு மலையேறியது.

பிறகு கோதண்டன் முறைப்படி அரசியைக் கதவின் கீழ்ப்பக்கம் இருந்த கணவாய்ச் சந்தைக்கு அழைத்தான். இரண்டு நாட்டு மக்களும் சுற்றி நின்றார்கள்.

"என் மண்ணில் நின்று கேட்கிறேன், அரசியாரே. என்ன வேண்டும்? கதவின் தாழ் உங்கள் பக்கம் வேண்டுமா?"

"வேண்டாம்" என்றாள் பூவணநாச்சி. "எனக்கும் கோபம் வரும். என் கையில் இருந்தால் நானும் ஒருநாள் சாத்துவேன். ஒரு சட்டம் போதும். இரண்டு நாட்டு அரசரில் யார் வேண்டுமானாலும் கதவைச் சாத்தச் சொல்லலாம். ஆனால் சாத்தச் சொல்கிற அரசர் முதலில் மறுபக்கம் போய்க் குடியிருக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். அப்படி இருந்துகொண்டே சொன்னால் சாத்தட்டும்."

விடங்கரின் கண் கலங்கியது. "வழி போடும்போதே நான் எழுதியிருக்க வேண்டிய சட்டம்" என்றார்.

கோதண்டன் ஒப்புக்கொண்டான். அரசியும் தன் பங்குக்குச் சொன்னாள்: சுனை வற்றாத அளவுக்கு வெட்டும் இரும்பில் கப்பலுக்கு வேண்டியது முதலில் பெருவயலுக்கு இறங்கும், மலைநாட்டுக் கொல்லருக்கு என்ன விலையோ அதே விலையில். கப்பல்கள் மெதுவாகத்தான் எழுந்தன, ஆனால் எழுந்தன. மலைமக்களும் பாடம் படித்தார்கள். மிளகு எவ்வளவு விலை போனாலும் பாதிக் கொல்லையில் தினை விதைப்பதை அதற்குப் பிறகு விடவில்லை.

சட்டம் நிலைத்ததா என்று கேட்பீர்கள்.

காலம் போயிற்று. பூவணநாச்சிக்குப் பின் கடம்பன் மலைநாட்டை ஆண்டான். ஒருமுறை பெருவயல் வணிகர் சிலர் கள்ளத் தராசில் மிளகு நிறுத்து ஏமாற்றினார்கள். கடம்பனுக்குக் கோபம் பொங்கியது. "சாத்துங்கள் கதவை!" என்றான். சட்டத்தை நினைவூட்டினார்கள். "போகிறேன்! போய் இருந்துகொண்டே சாத்தச் சொல்கிறேன்!" என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழே போனான்.

உப்பளத்துத் தெருவில் தங்கினான். கள்ளத் தராசுக்காரர்கள் அந்தத் தெருக்காரர்களையும் அதே தராசால் ஏமாற்றிக்கொண்டிருந்ததை அங்கேதான் அறிந்தான். இரண்டு நாட்டாரும் சேர்ந்து போய் முறையிட்டார்கள். பெருவயல் அரசன் அந்தத் தராசுகளைச் சந்தை நடுவில் உடைக்கச் சொன்னான். கடம்பன் சாத்தச் சொல்ல மறந்தே போய், மீன் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மலை ஏறினான்.

அந்தக் கதவு அதன் பிறகு ஒருநாளும் சாத்தப்படவில்லை என்று சொல்கிறார்கள்.

கதை சொல்லும் நீதி இது: பக்கத்து நாட்டோடு சேர்ந்து வளர விரும்புகிறவர்கள், வழியை அடைக்கும் முன் அடைபடப் போகிறவர்களின் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.